அணைக்கக் கூடாத டிவி

டிவிக்கு ஒரு கம்ப்யூட்டர், சர்வருக்கு ஒரு கம்ப்யூட்டர் என்று தனித்தனியாக வாங்க வேண்டும் என்று செம்பூரில் ஒரு கடைக்காரர் எனக்குப் பாடம் எடுத்தார். "ஒண்ணுலயே ரெண்டையும் வச்சா ரெண்டும் உருப்படாது மேடம். யாரும் இப்படிப் பண்ண மாட்டாங்க" என்றார். யாரும் பண்ண மாட்டார்கள் என்று ஒருவர் சொன்னால்தான் எனக்கு அதைப் பண்ண வேண்டும் என்றே தோன்றும். பிறவிக் குணம். இனிமேல் மாற்றிக்கொள்ளும் உத்தேசமும் இல்லை.

தாராவியில் எங்கள் வீடு பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதே அறையில்தான் சமைக்கிறோம், சாப்பிடுகிறோம், படுக்கிறோம். மூலையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்பு, அதற்குள் குளியல். மகள் அந்த அறையில் உட்கார்ந்து படித்துத்தான் செம்பூர் காலேஜில் இடம் வாங்கினாள். விருந்தாளி வந்தால் கட்டில் சோபாவாகும், விருந்தாளி போனால் சோபா துணி மடிக்கிற மேஜையாகும். ஒரு அறை இத்தனை வேலை செய்யும்போது ஒரு டப்பா இரண்டு வேலை செய்தால் என்ன குடி முழுகிப் போகும்? மூன்று படுக்கையறை வீட்டில் இருப்பவர்கள் சொல்கிற சட்டத்தை நான் ஏன் கேட்க வேண்டும்?

சர்வர் என்பது கேட்கத்தான் பெரிய பெயர். வீட்டில் இருக்கிற போன்கள் எல்லாம் தங்கள் படங்களையும் காகிதங்களையும் கொண்டுபோய் வைக்கிற அலமாரி அது. எப்போது கேட்டாலும் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பதால் ராப்பகலாக விழித்திருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

டப்பா எனக்குத் தாராவியிலேயே கிடைத்தது. பழைய மின்சாமான்களைப் பிரித்துப் போடுகிற பங்கார் சந்துகள் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. ஏதோ ஒரு ஆபீஸ் கழித்துக் கட்டிய குட்டிக் கம்ப்யூட்டர்கள் ஒரு சாக்கு நிறையக் கிடந்தன. டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். உள்ளே ஃபேன் கிடையாது, அதனால் சத்தமும் கிடையாது. பத்து வாட் கரண்டு போதும், அதாவது ஒரு சின்ன பல்பு எரிகிற அளவு. கடைக்காரன் எடைக்குப் போடுகிறவன். நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பின்பக்கத்தில் ஒயர் சொருகுகிற ஓட்டைகளை எண்ணுவதைப் பார்த்துச் சிரித்தான். சிரிக்கட்டும் என்று ஐந்தாவதை எடுத்துக்கொண்டேன்.

மாட்டுங்காவில் ஒரு வக்கீல் ஆபீஸில் பழைய கேஸ் கட்டுகளை ஸ்கேன் செய்து அடுக்குவது என் வேலை. அங்கே சர்வருக்குத் தனி அறை, தனி ஏசி, தனிப் பூட்டு. எங்களுக்கு ஒரு ஃபேன். ரிப்பேருக்கு வருகிறவர் என்ன செய்கிறார் என்று ஓரமாக நின்று பார்த்துப் பார்த்துப் பாதி கற்றேன். மீதியை வீடியோ பார்த்தும் தப்புப் பண்ணியும் கற்றேன். லினக்ஸை ஏற்றி, டப்பாவை டிவியின் முதுகில் டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் ஒரு ஹார்டு டிஸ்கைத் தொங்கவிட்டேன். டிவிதான் மானிட்டர். கீபோர்டு மடியில். மாலையில் பாட்டும் படமும் மகளின் பாடமும் அதிலேயே ஓடும். போன்களுக்கு அலமாரியும் அதுவே.

கடைக்காரர் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது, மறைக்க மாட்டேன். முதல் வாரமே டப்பா தூங்கிப்போனது. சிறிது நேரம் யாரும் தொடவில்லையென்றால் தூங்குவது டிவிக்கு முன்னால் உட்காருகிற கம்ப்யூட்டரின் பழக்கம். தூங்கவே கூடாது என்பது சர்வரின் தொழில். ஒரே உடம்பில் இரண்டு சுபாவம். தூக்கத்தை ஒரு கட்டளையில் கெடுத்தேன். அடுத்து, படம் ஓடும்போது போன்கள் தங்கள் மூட்டையை இறக்கினால் கதாநாயகன் வாயைத் திறந்தபடி நின்றுவிடுவான். சரக்கு ஏற்றி இறக்குகிற வேலையை எல்லாம் மதியம் இரண்டு மணிக்கு மாற்றினேன். அந்த நேரத்தில் எங்கள் சந்தில் டிவி பார்க்க யாருக்கும் ஒழிவிருக்காது.

டப்பாவின் சுபாவத்தை மாற்றிவிட்டேன். என் வீட்டுக்காரரின் சுபாவத்தைத்தான் மாற்ற முடியவில்லை. அவர் அணுசக்தி நகர் ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறவர். எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைவிட்டு இறங்குவார். வீட்டிலும் அதே ஒழுங்கு. பார்த்து முடித்த டிவியை ரிமோட்டில் அணைப்பார், பிறகு சுவரில் அணைப்பார், பிறகு பிளக்கையும் பிடுங்கி ஆணியில் மாட்டுவார்.

"ஏட்டி, பாக்காத டிவிக்கு என்னத்துக்குக் கரண்டு?"

"டிவிய அணைச்சுக்கிடுங்க. டப்பாவ அணைக்காதிய. அது வேல செய்யுது."

"யாருக்கு வேல செய்யுது? வீட்டுல ஒருத்தரையும் காணோம்."

"அதத்தான் சொல்லுதேன். நாம இல்லாதப்பமும் செய்யும்."

"நல்லா இருக்கே! அப்படி ஒரு ஆளு எங்க டிப்போவுல ஒருத்தங்கூடக் கெடையாது" என்று சிரித்தார். சிரித்துவிட்டு அன்று இரவே பழக்க தோஷத்தில் பிடுங்கினார். நான் கத்தியதில் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துவிட்டது. மறுநாள் பிளக்கின்மேல் கறுப்பு டேப்பைச் சுற்றி, "தொட்டால் சோறு கிடையாது" என்று எழுதி ஒட்டினேன். அதற்குப் பிறகு தொடவில்லை. சோற்றில் அவருக்கு விளையாட்டுக் கிடையாது.

இது இப்படி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் சர்வே பேச்சு வந்தது. எங்கள் பகுதியை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்ற பேச்சை நான் பாவாடை கட்டிய நாளிலிருந்து கேட்கிறேன். இந்த முறை பேச்சோடு ஆட்களும் வந்தார்கள். டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சந்து சந்தாக, வீடு வீடாக அளந்து, காகிதம் பார்த்து, கதவில் நம்பர் எழுதினார்கள். நீண்ட காலமாக இங்கேதான் இருக்கிறோம் என்று பழைய காகிதம் காட்டுகிறவர்களுக்கு இங்கேயே வீடு. காட்டாதவர்கள் ஊர்க்கோடி முலுண்டையும் தாண்டி எங்கேயோ போக வேண்டும் என்று சொன்னார்கள். எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள்.

எங்கள் சந்தில் மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வரும். காகிதம் வைத்திருக்கிறவர்களின் காகிதமெல்லாம் அப்பளமாக உப்பி, எழுத்து பாதி போய்க் கிடந்தது. நான் ஸ்கேன் செய்கிறவள் என்பதால் முதலில் என் வீட்டுக் காகிதங்களை டப்பாவில் ஏற்றினேன். பிறகு சந்தில் கேட்டவர்களுக்கெல்லாம் செய்தேன். மாட்டுங்கா ஆபீஸில் வக்கீல் சாரிடம் கேட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே ஸ்கேன் செய்து, பென் டிரைவில் கொண்டுவந்து டப்பாவில் போடுவேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு தாளையும் விட்டு வைக்க மாட்டேன், வேலை முடிந்ததும் பென் டிரைவையும் துடைத்துவிடுவேன்.

அதைப் பார்த்து சார் ஒரு நாள் சொன்னார், "ஒரே எடத்துல வெச்சுண்டா அது காப்பியே இல்லைம்மா. ரெண்டு எடத்துல வையுங்கோ."

மகளும் அதையே வேறு மாதிரி சொன்னாள். க்ளவுடில், அதாவது இன்டர்நெட்டில் போடு, பாக்கி டென்ஷன் விடு என்றாள். நான் இரண்டு பேர் பேச்சையும் கேட்கவில்லை. அதற்கு முந்தைய வருடம்தான் ஒரு ஏஜென்ட், உதவி செய்கிறேன் என்று சொல்லி எங்கள் சந்துக்காரர்களிடம் ஆதார் நகல் வாங்கிப்போய், அவர்கள் பெயரில் யார் யாருக்கோ சிம் கார்டு எடுத்துக் கொடுத்திருந்தான். போலீஸ் வந்து கதவைத் தட்டியபோதுதான் தெரிந்தது. சந்துக்காரர்கள் என்னை நம்பிக் கொடுத்த காகிதம் என் வீட்டுச் சுவரைத் தாண்டாது என்று சபதம் போட்டேன். சபதம் சரிதான். வீட்டுக்குள்ளேயே இன்னொரு டிஸ்கை வைத்திருக்கலாமே என்று இப்போது நீங்கள் கேட்பீர்கள். என் டப்பாவே போதும் என்ற திமிர்தான், வேறொன்றுமில்லை.

பக்கத்து வீட்டு அண்ணாச்சியும் அப்படி ஸ்கேன் செய்யத்தான் வந்தார். எனக்கு ரத்த உறவு இல்லை. அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர், அதுதான் உறவு. தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை. அவர் மனைவியை நான் மைனி என்று கூப்பிடுவேன். பிள்ளைகள் கிடையாது. அண்ணாச்சி ஒரு தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். காகிதம் கேட்டால் தலையணையோடு வருகிறாரே என்று பார்த்தேன். உட்கார்ந்து, பிளேடால் ஓரத் தையலைப் பிரித்து, பஞ்சுக்குள் கையைவிட்டு, மெழுகுத் துணியில் சுற்றிய கட்டு ஒன்றை எடுத்தார். குடிசைக்காரர்களுக்கு அரசாங்கம் கொடுத்த பழைய போட்டோ பாஸ், லைட் பில், ரேஷன் அட்டை என்று மொத்தம் பதினோரு தாள். ஒன்றுகூட நனையவில்லை.

"சொத்தத் தலைக்கு வச்சுப் படுக்கியளா அண்ணாச்சி?" என்று கேலி செய்தேன்.

"ராத்திரி தண்ணி வந்தா பொட்டியத் தேடவா முடியும்? தலவாணின்னா தூக்கிட்டு ஓடிரலாம்லா" என்றார்.

நான் ஸ்கேன் செய்து திருப்பிக் கொடுத்ததும் என் கண்ணெதிரிலேயே கட்டை உள்ளே வைத்து, பை தைக்கிற தடித்த நூலால் மறுபடி தைத்தார். இயந்திரம் தைத்த மாதிரி வரிசையான தையல். மைனிக்கு எழுதப் படிக்க வராது. ஆபீஸ், காகிதம், ஹிந்தி எல்லாம் அண்ணாச்சியின் இலாகா.

அடுத்த பங்குனியில் ஒரு நாள் காலை, அந்தத் தலையணையில் தலை வைத்தபடியே அண்ணாச்சி போய்விட்டார். டீ கொண்டுபோன மைனி எழுப்பியிருக்கிறாள், எழுந்திருக்கவில்லை.

எங்கள் சந்தில் சாவு விழுந்தால் ஐந்து நாள் யார் வீட்டிலும் டிவி ஓடக் கூடாது. ஊர்ச் சங்கத்தின் சட்டம். கிரிக்கெட் ஃபைனலாக இருந்தாலும் கிடையாது. ஆனால் போனில் பார்க்கலாம். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு போர்வைக்குள் சீரியல் பார்த்தால் துக்கத்துக்குப் பங்கம் வராதாம், டிவியில் செய்தி பார்த்தால் வந்துவிடுமாம். இதை நான் சங்கத்தில் கேட்டுத் திட்டு வாங்கியவள். ஆனாலும் அண்ணாச்சிக்காக நானே டிவியை அணைத்திருப்பேன். ரிமோட்டில்.

என் வீட்டுக்காரர் செய்தி கேட்டு டிப்போவிலிருந்து பாதியில் வந்தார். மதியம் இரண்டு மணி. நான் பக்கத்து வீட்டில் மைனியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் எங்கள் வீட்டுக்குள் போனதும், துக்கத்துக்கு மரியாதையாக, கறுப்பு டேப்பையும் மீறி பிளக்கைப் பிடுங்கி ஆணியில் மாட்டியிருக்கிறார். சோறு போனாலும் போகட்டும் என்று நினைத்தாராம். அண்ணாச்சி அவருக்கு அவ்வளவு வேண்டியவர். டப்பா அப்போதுதான் ஹார்டு டிஸ்கில் சரக்கை ஏற்றிக்கொண்டிருந்தது.

அவரைச் சொல்லி என்ன? நான் அதைவிடப் பெரிய காரியம் செய்தேன். உடலைத் தூக்கும் நேரத்தில், செத்தவர் படுத்த பாயும் தலையணையும் வீட்டில் இருக்கக் கூடாது, எடுத்துக் கொடுங்கள் என்று ஆண்கள் கேட்டார்கள். அது எங்கள் ஊர் வழக்கம், சுடுகாட்டில் போட்டுக் கொளுத்திவிடுவார்கள். பெண்கள் எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். யாராவது ஒருத்தி எழுந்து செய்ய வேண்டுமே என்று நான்தான் எழுந்தேன். பாயைச் சுருட்டி, அதற்குள் தலையணையை வைத்து, கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தேன். அந்தத் தடித்த நூல் தையல் என் உள்ளங்கையில் உரசியது இன்றும் நினைவிருக்கிறது. அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. அழுகையில் புத்தியும் கரைந்து போயிருந்தது.

சர்வே எங்கள் சந்துக்கு அடுத்த வாரம் என்று சொல்லியிருந்தார்கள். மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கே வந்து நின்றார்கள். பக்கத்துச் சந்து முடிந்துவிட்டது, அதனால் இந்தச் சந்து, அவ்வளவுதான். ஒரு பையைத் தோளில் போட்ட இளைஞர் டேப்லெட் வைத்திருந்தார். கூட அளவு டேப்போடு இரண்டு பேர். சங்கத் தலைவர் அவர்களுக்கு வழி காட்டிக்கொண்டு முன்னால் வந்தார். நான் மைனி வீட்டில் இருந்தேன். நாலு வீட்டுக்கு அப்பால் குரல் கேட்டதும் மைனியிடம் காகிதங்களை எடுத்து வைக்கச் சொன்னேன்.

"தலவாணிக்குள்ள தைச்சு வச்சிருக்காவளே" என்றாள் மைனி.

சொல்லிவிட்டு மூலையைப் பார்த்தாள். மூலை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். பாயைச் சுருட்டியது நான் என்பது அவளுக்குத் தெரியும். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இருபத்தைந்து வருடம் இருந்த வீடு என் கையால் சுடுகாட்டுக்குப் போயிருந்தது.

"எங்கிட்ட இருக்கு மைனி. டப்பாவுல இருக்கு. கொஞ்சம் இருங்க" என்று ஓடினேன்.

அப்போதுதான் பார்த்தேன், பிளக் ஆணியில் தொங்கியது. எடுத்துச் சொருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. போனில் தேடினேன். அலமாரியைக் காணவில்லை என்றது போன். மறுபடி தேடினேன், மறுபடியும் அதே பதில். என்ன நடந்திருக்கும் என்று அப்போதே புரிந்துவிட்டது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்டைப் பிடுங்கினால் டிஸ்க் குழம்பிப்போகும். குழம்பிய டிஸ்கோடு எழுந்திருக்கும் டப்பா பாதி வழியில் நின்று, என்ன செய்யட்டும் என்று கேட்கும். அந்தக் கேள்வியைத் திரையில்தான் கேட்கும். திரை என்றால் டிவி.

செம்பூர்க் கடைக்காரர் அப்போது பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு சிரிப்புச் சிரித்திருப்பார். நான் வாசல் திரையைக்கூட இழுத்து விடவில்லை. ஒளிந்து செய்ய இது திருட்டு இல்லை. ரிமோட்டை எடுத்து டிவியைப் போட்டேன்.

கறுப்புத் திரையில் வெள்ளை ஆங்கில எழுத்துகள் வந்தன. நினைத்ததுதான். சரி பார்க்கவா என்று கேட்டது, ஆமாம் என்று தட்டினேன். எழுத்துகள் மளமளவென்று மேலே ஓட ஆரம்பித்தன. அந்த வெளிச்சம் சந்துக்குள் விழுந்திருக்க வேண்டும். வாசலில் சங்கத் தலைவர் நின்றார்.

"ஏளா, இது என்ன கூத்து? சாவு விழுந்து மூணு நாளு ஆவல. அடுத்த வீட்டுக்காரி நீ டிவி போட்டுக்கிட்டு இருக்க?"

"மாமா, இது டிவி இல்ல."

"டிவி இல்லாமப் பின்ன என்ன, மொகம் பாக்குத கண்ணாடியா?"

"டிவியிலதான் தெரியுது. ஆனா நான் டிவி பாக்கல. அண்ணாச்சி பேப்பரெல்லாம் இதுக்குள்ள இருக்கு. டிவியப் போடாம எடுக்க முடியாது."

"எல்லாரும் ஒவ்வொரு காரணஞ் சொன்னா சட்டம் என்னத்துக்கு? அணை மொதல்ல. பொறவு பேசலாம்."

"அணைக்க மாட்டேன். பொறவு பேசலாம்" என்றேன் நானும்.

சந்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பெண் பிள்ளை எதிர்த்துப் பேசுவதைப் பார்க்க எப்போதும் கூட்டம் சேரும். தலைவர் என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்து, நீ சொல்லுடே என்றார். அவர் வாசலில் துண்டைத் தோளில் போட்டு நின்றிருந்தார். பெரியவர்களை எதிர்த்து ஒரு சொல் பேசாத மனிதர்.

"மாமா, பிளக்கப் புடுங்கினது நாந்தான். அதனாலதான் கெட்டுப்போச்சு. அவ சரி பண்ணட்டும்" என்றார். சொல்லிவிட்டு உள்ளே வந்து, பிளக் இருந்த சுவரோரம் போய் நின்றுகொண்டார். யாரும் அதன் பக்கத்தில் வர முடியாதபடி நின்றார். கல்யாணமாகி இருபது வருடத்தில் அவர் எனக்காகப் பேசிய பேச்சிலேயே நீளமானது அதுதான்.

தலைவர் எங்கள் வாசலிலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு, துண்டால் முகத்தைத் துடைத்தபடி உட்கார்ந்துவிட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்தச் சந்தில் யார் செத்தாலும் முதல் தோள் கொடுப்பவர் அவர். துக்கத்தை அவருக்குத் தெரிந்த வழியில் காக்கிறார்.

திரையில் எழுத்துகள் நின்றன. மறுபடி ஒரு கேள்வி. மறுபடி ஆமாம். எந்தெந்தத் தாளை அது தூக்கி எறிகிறதோ என்று ஒவ்வொரு ஆமாமுக்கும் முன்னால் கேள்வியை இரண்டு முறை படித்தேன். இரண்டு இடத்தில் வையுங்கோ என்ற சாரின் குரல் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து என்ன பயன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். பக்கத்து வீட்டு வாசலில் சர்வேக்காரர் வந்து நிற்பது கேட்டது. பேப்பர் திகாவோ, காகிதத்தைக் காட்டு என்றார். இன்னொரு முறை கேட்டார். கொஞ்சம் பொறுத்து, பேப்பர் இல்லை என்று போட்டுவிடவா என்று ஹிந்தியில் கூட இருந்தவரிடம் கேட்டார்.

"ருக்கோ!" என்று உள்ளேயிருந்தே கத்தினேன். "தோ மினிட் ருக்கோ!" இரண்டு நிமிஷம் நில்லுங்கள்.

அந்த நேரத்தில்தான் திரை ஒருமுறை இருண்டு, எங்கள் டப்பாவின் வழக்கமான நீலத் திரை வந்தது. மவுஸை நகர்த்தினேன். சந்துக்காரர்களின் காகிதங்களை வைத்த பெட்டியைத் திறந்தேன். அண்ணாச்சி செத்த அன்று மதியம் ஏறிக்கொண்டிருந்த என் வீட்டுப் படங்களில் பாதி போய்விட்டிருந்தது. மகளின் காலேஜ் ஆண்டுவிழாப் படங்கள் எல்லாம் போச்சு. அண்ணாச்சியின் பெட்டியில் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பதினோரு தாளும் இருந்தன.

நான் திரும்பி, உள்ளே வரச் சொல்லுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தபோது வாசலில் மைனி நின்றிருந்தாள். புருஷன் செத்துப் பதினாறு நாள் முடியும்வரை அவள் வாசற்படி தாண்டக் கூடாது. தாண்டி வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் சர்வேக்காரர், செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். தலைவர் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கூட்டத்தில் யாரோ மைனி என்று பதறிக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை.

முதல் தாளைத் திறந்தேன். போட்டோ பாஸ். டிவி முழுக்க அண்ணாச்சி, தலை நிறைய முடியோடு, இருபத்தெட்டு முப்பது வயதில், கோபமாகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் புதுப்பெண்ணாக மைனி. கீழே நம்பரும் முத்திரையும் ஒரு புள்ளி அழியாமல் இருந்தன.

சர்வேக்காரர் கண்ணாடியைச் சரிசெய்து கிட்ட வந்து படித்தார். மோசமானவர் இல்லை. பாவம், அவருக்கும் எத்தனையோ வீடு. இது நகல்தானே, ஒரிஜினல் எங்கே என்று ஹிந்தியில் என்னைக் கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். மைனி என் தோளில் கை வைத்து நிறுத்தினாள். காய்கறிக்காரனைத் தவிர வேறு யாரிடமும் அவள் ஹிந்தி பேசி நான் கேட்டதில்லை.

"ஜல் கயா" என்றாள். எரிந்துவிட்டது. திரையில் இருந்த அண்ணாச்சியைக் காட்டினாள். "உஸ்கே சாத்." அவரோடு சேர்ந்து.

அவர் டேப்லெட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். என்ன எழுதுவதென்று அவருக்குத் தெரியவில்லை.

மைனி டிவிக்குப் பக்கத்தில் போனாள். எழுதப் படிக்கத் தெரியாதவள், நம்பர் எங்கே இருக்கிறதென்று தேடி, கட்டை விரலை அதன்கீழே வைத்து அழுத்தினாள்.

"நம்பர் லிக்கோ. ஆபீஸ் மே தேக்கோ. லிக்கோ" என்றாள். எழுது, ஆபீஸில் பார், எழுது.

அவர் எழுதினார். ஒவ்வொரு தாளாக நான் மாற்ற, ஒவ்வொன்றிலும் அவள் விரல் வைக்க, பதினோரு தாளின் நம்பரையும் எழுதிக்கொண்டு, திரையைப் போட்டோவும் எடுத்துக்கொண்டார். ஆபீஸ் பதிவேட்டில் நம்பர் ஒத்துப்போக வேண்டும், பிறகுதான் பட்டியல் என்றார். அது எப்போது வரும் என்று கேட்டதற்குத் தெரியாது என்று தலையை ஆட்டினார். ஆனால் பேப்பர் இல்லை என்று போடவில்லை. வெளியே போய் மைனி வீட்டுக் கதவில் பெயிண்டால் நம்பர் எழுதச் சொன்னார். பிரஷ் தகரத்தில் உரசுகிற சத்தம் எங்கள் வீட்டுக்குள் கேட்டது.

கூட்டம் கலைந்தது. தலைவர் மட்டும் போகவில்லை. குரலைத் தணித்து, கிட்டத்தட்டக் கெஞ்சுகிற மாதிரி என்னிடம் சொன்னார்.

"சரிம்மா. வேல முடிஞ்சிட்டுல்லா. இனி அத அணைச்சிரு. துக்க வீடு."

உண்மையைச் சொன்னால் எனக்கும் அதுவே சரி என்று பட்டது. சண்டையெல்லாம் வடிந்துவிட்டது. ரிமோட்டை எடுத்தேன். கடைசித் தாளுக்குப் பிறகு திரை தானே முதல் தாளுக்குத் திரும்பியிருந்தது. அண்ணாச்சி அதே கோபத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். மைனி தரையில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அவரையே நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையை எடுக்காமலே கையை நீட்டி ரிமோட்டை என்னிடமிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"செத்தது எம் புருசன்" என்றாள் தலைவரிடம். "எந்த டிவிய அணைக்கணும்னு நாஞ் சொல்லுதேன். இது ஓடட்டும்."